எங்கள் முன்வாசலைப் பழமையாக்கிய கதை

போர்ட் பிளேரில் ஒரு கட்டடத்துக்கு மரியாதை வேண்டுமென்றால் அதில் யாராவது சிறைப்பட்டிருக்க வேண்டும். டூரிஸ்ட் வண்டிகள் அங்கேதான் நிற்கும். மரைன் ஹில்லில் நாங்கள் குடியிருக்கும் மூன்று மாடிக் கட்டடத்தில் யாரும் சிறைப்படவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் துறைமுகக் குமாஸ்தாக்கள் குடும்பத்தோடு தங்கக் கட்டியது. கீழே செங்கல், மேலே அந்தமான் படாக் மரம், முன்னால் வளைவு வைத்த வாசல், வாசலுக்கு ஆள் உயரத்துக்குக் கல்படிகள். அந்தக் குமாஸ்தாக்கள் சம்பளம் வாங்கினார்கள், பிள்ளை பெற்றார்கள், மாற்றலாகிப் போனார்கள். இதையெல்லாம் எந்தக் கைடும் மைக்கில் சொல்ல மாட்டான். ஆகவே எங்கள் கட்டடத்தைப் பல காலம் ஒருவரும் சீண்டவில்லை, நாங்களும் நிம்மதியாக இருந்தோம்.

நான் பயணிகள் கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பணிக்காலம் முழுக்க 'டிக்கெட் இல்லை' என்பதைத் தமிழிலும் இந்தியிலும் இங்கிலீஷிலும் சொன்ன வாய் இது, அதனால் கொஞ்சம் காரமாகத்தான் வரும். என் கணவர் துறைமுகப் பராமரிப்பில் மேஸ்திரியாகச் சேர்ந்து சூப்பர்வைசராக வெளியே வந்தவர். இரண்டு பேர் குடும்பமும் தூத்துக்குடிப் பக்கம். வீட்டுக்குள் அந்த ஊர்த் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி. தரைத் தளத்தில் முன்பக்க வீடு எங்களுடையது.

ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே அவருக்குப் பக்கவாதம் வந்தது. மெயின்லேண்டுக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்ததில் பேச்சு திரும்பியது, கை திரும்பியது, இடது கால் மட்டும் பாதிதான் திரும்பியது. சமதரையில் வாக்கர் பிடித்து நடப்பார். சரிவாக இருந்தால் இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவார். படி மட்டும் ஆகாது. வைத்தியம் முடிந்து ஊர் திரும்பிய அன்று அவரைக் கப்பலிலிருந்து நாற்காலியோடு தூக்கி இறக்கி, வீட்டுப் படியிலும் தூக்கி ஏற்றினார்கள். சுற்றி நின்றவர்கள் 'பாவம்' என்றார்கள். அந்தச் சொல் அவர் காதில் விழுந்துவிட்டது. இனிமேல் தன்னை யாரும் தூக்கக் கூடாது என்று அன்றே சொல்லிவிட்டார். அவர் ஒன்று சொன்னால் சொன்னதுதான். இது கல்யாணமான முதல் வாரத்திலேயே நான் தெரிந்துகொண்ட விஷயம்.

அவரோடு வேலை பார்த்த ஆட்கள் வந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்துவிட்டுப் போகாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்ணும் சிமென்ட்டுமாக வந்து கல்படிகளுக்குப் பக்கத்திலேயே ஒரு சரிவுப் பாதை போட்டார்கள். இரண்டு பக்கமும் பழைய கப்பல் பைப்பை வளைத்துக் கைப்பிடி வைத்தார்கள். பார்க்க அழகாக இருந்தது என்று சொன்னால் அது பொய். லாரி இறங்கும் சரிவு மாதிரி இருந்தது. ஆனால் அன்று முதல் தினமும் சாயங்காலம் அவர் தானாக இறங்கிப் போனார். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சு இருக்கிறது, அங்கிருந்து துறைமுகம் முழுக்கத் தெரியும். அதில் உட்கார்ந்து வருகிற கப்பலையும் போகிற கப்பலையும் பார்ப்பார். கயிறு கட்டத் தெரியாத மாலுமிகளை இங்கிருந்தே திட்டுவார். போகிற வருகிறவர்களிடம் வம்பு பேசுவார். டீ வாங்கிக் குடிப்பார், அதில் சர்க்கரை போட்டதை என்னிடம் மறைப்பார். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மிச்ச நேரத்தை என்னோடு கழித்தார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இருந்தால் என்ன, முகத்தில் ஒரு களையோடு வீட்டுக்குள் வருவார், எனக்கு அது போதும்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் கட்டடம் புராதனமானது என்று கண்டுபிடித்தார்கள்.

கண்டுபிடித்தது எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர். முதல் மாடியில் இருக்கிறார். பஜாரில் ஹார்டுவேர் கடை. ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரர், எங்கள் எல்லாருக்கும் பாய். யாருக்கு ஒன்று என்றாலும் முதல் ஆளாக ஓடி வருவார். அதே ஓட்டத்தில் தன் கடைச் சரக்கு ஒன்றையும் விற்றுவிடுவார். பழைய கட்டடங்களின் வெளிப்புறத்தையும் வாசல்களையும் பழையபடி ஆக்க அரசாங்கத்தில் ஒரு திட்டம் வந்திருக்கிறது, நாம் விடக் கூடாது என்று சொல்லிக்கொண்டு வீடு வீடாக வந்தார். முகத்தில் அப்படி ஒரு பரவசம். வரலாற்றுக்கு எவ்வளவு பெயிண்ட் பிடிக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

என் சமையலறையில் மழைக்கு ஒழுகுகிறது, அதைப் பழையபடி ஆக்குவார்களா என்று கேட்டேன். திட்டம் வெளிப்புறத்துக்கு மட்டும்தான் என்றார். கூரை வெளிப்புறம் இல்லையா என்றேன். விசாரித்துச் சொல்வதாகப் போனவர் மறுநாள் பதிலோடு வந்தார். ரோட்டில் நின்று பார்த்தால் தெரிவதுதான் வெளிப்புறமாம். மொட்டை மாடி ரோட்டிலிருந்து தெரியாது, ஆகையால் அது வெளிப்புறம் ஆகாது. கீழே நான் பாத்திரம் வைத்து மழைநீர் பிடிக்கிறேனே, அது உள்புறமா என்று கேட்கலாம் என்று இருந்தேன். அதற்குள் பாய் படியேறிப் போய்விட்டார்.

பிறகு மெயின்லேண்டிலிருந்து நிபுணர் வந்தார். தாடி வைத்த இளைஞர், கசங்கிய கதர்ச் சட்டை. கசங்குவதற்கென்றே விலை கொடுத்து வாங்கியது மாதிரி இருந்தது. நல்ல பிள்ளைதான், எல்லாரிடமும் கைகூப்பிப் பேசினார். வந்ததும் எங்கள் யாரையும் பார்க்காமல் நேரே போய்ச் சுவரைத் தடவினார். வளைவைத் தடவினார். நாங்கள் துணி காயப்போடக் கொடி கட்டிய தூணை வெகுநேரம் தடவிக் கண்ணை மூடிக்கொண்டார். கொடியில் என் உள்பாவாடை தொங்கியது. நான் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அவருடைய முதல் காரியம், கட்டடத்தின் உண்மையான முதல் வண்ணத்தைக் கண்டுபிடிப்பது. ஒரு சின்னக் கத்தியை வைத்து வளைவின் மரத்தில் அடுக்கு அடுக்காகச் சுரண்டினார். ஆரஞ்சு வந்தது, மஞ்சள் வந்தது, பச்சை வந்தது, சாம்பல் வந்தது. ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு காலகட்டம் சொன்னார். பச்சை ஜப்பான்காரன் காலத்தது என்றார். சாம்பல் வெள்ளைக்காரனின் கடைசிக் காலம் என்றார். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு செம்பழுப்பு வந்தது. அதைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார். இதுதான் முதல் வண்ணம், உங்கள் கட்டடம் பிறந்தபோது இப்படித்தான் இருந்தது என்றார்.

இந்த மலையில் காலம் காலமாக எல்லாரும் துறைமுக வேலைக்காரர்கள். எந்தக் கப்பலுக்கு எந்தப் பெயிண்ட் வந்து மிஞ்சியதோ அதுதான் அந்த வருஷம் எங்கள் வாசலின் நிறம். ஆரஞ்சு உயிர்காக்கும் படகுக்கு வந்தது, மஞ்சள் புகைபோக்கிக்கு, பச்சை மேல்தளத்துக்கு. அந்த வளைவின் மரமே சுனாமி வந்த வருஷம் நிலநடுக்கத்தில் விழுந்து, நாங்கள் எல்லாரும் சேர்ந்து புதிதாக வைத்தது. அதற்கு முதல் பூச்சு, கப்பலின் அடிப்பாகத்துக்குத் துருப் பிடிக்காமல் அடிக்கிற பிரைமர். இது அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. சந்தோஷம் கெட்டால் திட்டமும் கெடும் என்பது அதற்கு அடுத்த காரணம். ஒருவரும் மூச்சு விடவில்லை. பாய் மட்டும் அந்தச் செம்பழுப்பு தன் கடையில் கிடைக்கும் என்று பணிவாகச் சொன்னார்.

அன்றைக்கு என் கணவர் பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். சரிவில் ஏறி உள்ளே வரும்போது அப்படிச் சிரித்தார். அடித்து முடித்ததும் அப்படியே கடலில் தள்ளிவிடலாம், மிதக்கும் என்றார். அவர் அவ்வளவு சிரித்து நான் பார்த்தது அதுதான் அந்த வருஷத்தில் கடைசி.

அடுத்த வாரம் சங்கக் கூட்டம். நிபுணர் திரை கட்டிப் படம் காட்டினார். 'பிற்காலச் சேர்க்கை' என்று ஒரு வார்த்தை சொன்னார். கட்டடம் பிறந்தபோது இல்லாமல் பின்னால் ஒட்டிக்கொண்டவை எல்லாம் பிற்காலச் சேர்க்கை. என் துணிக்கொடி பிற்காலச் சேர்க்கை. இரண்டாம் மாடி மலையாளி டீச்சரின் டிஷ் ஆன்டெனா பிற்காலச் சேர்க்கை. எல்லாம் போக வேண்டும். மொட்டை மாடியில் செராங்கின் கோழிக்கூண்டு இருந்தது. செராங் என்றால் சின்னக் கப்பல்களில் மாலுமிகளுக்குத் தலைவர். இவர் தெலுங்குக்காரர், ஓய்வு பெற்று மூன்றாம் மாடியில் இருக்கிறார். அவருடைய கூண்டு ரோட்டிலிருந்து தெரியாததால் அதை விட்டுவிட்டார்கள். கடைசியாகத் திரையில் எங்கள் சரிவுப் பாதை வந்தது. அதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள்.

நான் எழுந்து கேட்டேன். அதை எடுத்துவிட்டால் என் வீட்டுக்காரர் எப்படி வெளியே போவார்? நிபுணர் உண்மையாகவே வருத்தப்பட்டார். தனக்கும் வயதான மாமா ஒருவர் உண்டு என்றார். பின்பக்க வாசல் இருக்கிறதே என்று யாரோ சொன்னார்கள். மலைச்சரிவில் கட்டிய கட்டடம். பின்வாசலுக்கு இதைவிடச் செங்குத்தான படிகள். அது சொன்னவருக்கே தெரியும், தினமும் அதில்தான் மூச்சு வாங்க ஏறுகிறார். அப்போது பாய் எழுந்தார்.

"அக்கா, நான் இருக்கேன்ல. இத இடிச்ச கையோட மரத்துல அழகா ஒண்ணு செஞ்சு போட்டுருவோம். மரம் அடுத்த கப்பல்ல வருது. அண்ணனுக்கு நான் செய்ய மாட்டேனா?"

எல்லாரும் கை தூக்கினார்கள். தூக்கியவர்களில் பாதிப் பேர் அந்தச் சரிவுக்கு மண் சுமந்தவர்கள். கெட்டவர்கள் இல்லை. அவர்கள் கட்டடம் முதல் தடவையாகப் படத்தில் வந்திருந்தது, அந்த மயக்கம். எனக்கு வந்த கோபத்துக்குக் கவுண்டராக இருந்திருந்தால் ஷட்டரை இழுத்து மூடியிருப்பேன்.

இடிக்க ஒரு முழுநாள் ஆனது. என் கணவர் ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தார். கம்ப்ரஸர் வைத்து இரண்டு பேர் முட்டுகிறார்கள், சரிவு அசையவில்லை. "நல்ல கான்கிரீட்டு. பயலுவ ஏமாத்தாம போட்டுருக்கானுவ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு அந்த ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

மரம் அடுத்த கப்பலில் வரவில்லை. அதற்கடுத்த கப்பல் வானிலை சரியில்லாமல் கிளம்பவே இல்லை. கடைசியில் மரம் வந்தபோது, புராதன வாசலில் எதைப் புதிதாகப் பொருத்தினாலும் மெயின்லேண்டில் இருக்கும் கமிட்டி ஒப்புக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தது. கமிட்டி எப்போது கூடும்? கூடும்போது கூடும். நான் பாயைத் தேடிப் போனால் அவர் ஊருக்கு வெளியே வண்டூரில் சரக்கு இறக்கப் போயிருப்பதாகக் கடையில் சொன்னார்கள். வண்டூரில் அந்த மழைக்காலத்தில் இறங்கிய சரக்கைக் கணக்கெடுத்தால் அங்கே ஒரு புது ஊரே கட்டியிருக்கலாம். கட்டடத்துக்குள் என்னைக் கண்டால் பின்வாசல் வழியாகப் போனார். நிபுணருக்குப் போன் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு 'அணுகல்தன்மை' என்ற சொல்லைப் பல தடவை சொன்னார். அந்தச் சொல்லின் மேல் ஏறி யாரும் இறங்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

வேலை நடந்துகொண்டிருந்தது. பழைய முறைப்படி சுண்ணாம்புப் பூச்சுதான் போட வேண்டும், அதில் கடுக்காயும் வெல்லமும் கரைத்துச் சேர்க்க வேண்டும் என்று நிபுணர் சொல்லியிருந்தார். எல்லாம் கப்பலில் வந்தது. வெல்லம் வந்த தகவல் இந்த மலையில் உள்ள எறும்புகளுக்கு எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. பூசிய சுவரில் அவை மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தன. புராதனத்தை அனுபவித்த முதல் பயனாளிகள் அவைதான். கட்டடம் முழுக்கப் பச்சை வலையைப் போர்த்தியிருந்தார்கள். எங்கள் முன்ஜன்னலைத் திறந்தால் கடல் இருந்த இடத்தில் வலை.

அந்த வலைக்குப் பின்னால் என் கணவர் உட்கார்ந்திருந்தார். கப்பல் ஊதுவது மட்டும் கேட்கும். முதலில் எந்தக் கப்பல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு சொல்வதை நிறுத்தினார். ஷேவ் செய்வதை விட்டார். டீயில் சர்க்கரை இல்லை என்று சண்டை போடுவதை விட்டார், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சாயங்காலம் ஆனால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு உடம்பில் புதிதாக ஒன்றும் இல்லை, நடமாட்டம் வேண்டும் என்றார். செராங்கும் இன்னும் மூன்று பேரும் வந்து நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போகிறோம் என்று கெஞ்சினார்கள். இவர் அவர்களுக்கு டீ கொடுத்து அனுப்பச் சொன்னார். அவர்கள் போன பிறகு நான் சத்தம் போட்டேன். இப்படியே கிடந்து என்னைச் சாகடிக்கப் போகிறீர்களா என்று கேட்டேன்.

"நாலு பேரு தூக்குத நாளு ஒண்ணு வரும்ட்டி. அன்னைக்கி நான் வாயே தொறக்க மாட்டேன். அதுவரைக்கும் வந்தா என் கால்லதான் வருவேன்."

சமையலறைக்குப் போய் ஒழுகலுக்கு வைத்த பாத்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

மழை விட்டதும் வலையை எடுத்தார்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும், கட்டடம் அழகாகத்தான் இருந்தது. கல்படிகளைத் தேய்த்து ஓரம் கட்டி, இரண்டு பக்கமும் விளக்குத் தூண் நட்டு, செம்பழுப்பில் வளைவு பளபளத்தது. துறைமுகத்திலிருந்து பார்த்தால் ஒரு கப்பல் மலையேறி நிற்கிறதோ என்று தோன்றும். டூரிஸ்ட் ஆட்டோக்கள் நின்று போட்டோ எடுத்தன. யாரைச் சிறை வைத்த இடம் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். தரைத் தளத்தில் ஒருவர் இருக்கிறார் என்று சொன்னேன்.

திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தார்கள். டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார், அவர் கையால் ரிப்பன் வெட்டுவது என்று ஏற்பாடு. விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அந்த அதிகாரிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி இருக்கிறது, படி ஏற மாட்டார் என்று செய்தி வந்தது. கட்டடமே கலங்கிப் போனது. வண்டூரில் சரக்கு இறங்குவது உடனே நின்றது, பாய் முன்வாசலிலேயே நின்றார். நிபுணரிடமிருந்து போன் மேல் போன். கழற்றி எடுக்கிற மாதிரி எதையாவது போடலாம், பொருத்தாத வரை அது சேர்க்கையே ஆகாது என்றாராம். கமிட்டி ஒன்றும் சொல்லாதா என்றால், கமிட்டியிடம் கேட்கவே தேவையில்லையாம்.

பாய் இதை என்னிடம் சொல்லவில்லை, பக்கத்தில் நின்ற ஆளிடம் சொன்னார். ஜன்னல் திறந்திருந்தது. நான் வெளியே வந்தேன். பாய்க்குத் தப்பிக்க வழியில்லை, பின்னால் விளக்குத் தூண்.

"முழங்கால் டெல்லியில இருந்து வந்தா ஒரே நாள்ல வழி பொறக்குதோ, பாய்? எங்க வீட்டுக் கால் இங்க உள்ளதுதானே, அதுக்குக் கமிட்டி கூடணும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இந்த விழா மட்டும் முடியட்டும் அக்கா என்றார். அந்த 'மட்டும்' என்ற வார்த்தைக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

கழற்றி எடுக்கிற மாதிரி என்ன இருக்கிறது என்று யோசித்தவர்களுக்கு மொட்டை மாடி ஞாபகம் வந்தது. செராங்கின் கோழிக்கூண்டுக்குக் கூரையாகக் கிடந்தது ஒரு கேங்வே. கப்பலுக்கும் அது அணையும் ஜெட்டி மேடைக்கும் நடுவே போடுகிற நீளப் பலகை. இரண்டு பக்கமும் கைப்பிடி, கால் வழுக்காமல் இருக்கக் குறுக்குச் சட்டங்கள். ஆயுசு முடிந்த ஒரு படகை ஏலம் விட்டபோது செராங் வாங்கிப் போட்டது. ரோட்டிலிருந்து தெரியாததால் தப்பித்த சாமான். அதை இறக்கிக் கோழி எச்சத்தைக் கழுவி, சிவப்புக் கம்பளம் விரித்து, கைப்பிடியில் பூச்சரம் சுற்றினார்கள். கூரை இழந்த கோழிகள் மேலே நின்று விழா முழுக்கக் கத்தின. கேங்வேயைக் கையாளத் தெரிந்தவர் ஒருவர்தான் என்பதால் செராங்கையே அதன் கீழ்முனையில் நிற்கச் சொன்னார்கள். அவர் பழைய வெள்ளை யூனிபாரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். பொத்தான் ஒன்று மட்டும் வயிற்றுக்கு ஒத்துழைக்கவில்லை.

விழாவன்று காலை அந்தக் கேங்வேயைக் கல்படிகளின் மேல் சாய்த்துப் போட்டார்கள். கட்டை கல்லில் விழுந்த சத்தம் வீட்டுக்குள் கேட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர் இந்தப் பக்கம் திரும்பினார்.

"அது கேங்வேயில்ல?"

ஆமாம் என்றேன். எழுந்து உட்கார்ந்தார். ஷேவிங் சாமானைக் கேட்டார். வெள்ளைச் சட்டையைக் கேட்டார். இன்றைக்கு வேண்டாம், அதிகாரி வந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நான் சொன்னது அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. கண்ணாடியில் முகத்தைப் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டிருந்தார். நானும் வாயை மூடிக்கொண்டு நல்ல புடவை கட்டினேன்.

நாங்கள் வாசலுக்கு வந்தபோது கீழே அதிகாரியின் கார் வந்து நின்றிருந்தது. கேங்வேயின் அடியில் குறுக்கே ரிப்பன். ஒரு பெண் தட்டில் கத்தரிக்கோல் ஏந்தி நின்றாள். அதிகாரி கைத்தடி ஊன்றி ரிப்பன் பக்கம் வந்தார், பின்னால் பாய், அவருக்குப் பின்னால் நிபுணர். மேலே வளைவுக்கடியில் என் கணவர் வாக்கரை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்தார். பாய் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆனது. கையைக் கையை ஆட்டி என்னிடம் உள்ளே கூட்டிப் போகச் சொன்னார். நான் அவரைப் பார்க்காத மாதிரி கடலைப் பார்த்தேன்.

எங்கள் தீவுகளில் எந்த ஜெட்டியிலும் ஒரு வழக்கம் உண்டு. கப்பலில் மந்திரி இருக்கட்டும், கலெக்டர் இருக்கட்டும், நோயாளி ஒருவர் கேங்வேயில் கால் வைத்தால் மற்றவர்கள் நிற்க வேண்டும். செராங் கை காட்டினால் அதற்கு மேல் பேச்சில்லை. எங்கள் செராங் மேலே பார்த்தார். அதிகாரி ரிப்பனை நோக்கி அடியெடுத்து வைத்தார். செராங்கின் கை தானாக உயர்ந்து அதிகாரியின் மார்புக்கு முன்னால் குறுக்கே நின்றது.

"ருகியே சாப். பெஹ்லே பேஷன்ட்."

நில்லுங்கள், முதலில் நோயாளி என்றதும் அதிகாரி நின்றுவிட்டார். நின்றதும் எல்லாரும் நின்றார்கள். நாதஸ்வர ரெக்கார்டு போட்டுக்கொண்டிருந்த பையன் அதையும் நிறுத்திவிட்டான். கோழிகள் மட்டும் கத்தின. என் கணவர் இறங்க ஆரம்பித்தார். வலது காலை வைத்து, கையை நகர்த்தி, இடது காலை இழுத்து வந்து சட்டத்தில் முட்டுக்கொடுத்து, மறுபடி வலது கால். அவசரமே படவில்லை. பாதி வழியில் நின்று துறைமுகத்தைப் பார்த்தார். அத்தனை மாதத்துக்குப் பிறகு பார்க்கிறார். கீழே அவ்வளவு பேர் வெயிலில் நிற்கிறார்கள் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. ஒரு கப்பல் உள்ளே வந்துகொண்டிருந்தது, அதன் பெயரைச் சொல்லிவிட்டுத் தொடர்ந்து இறங்கினார்.

அடியில் வந்தபோது ரிப்பன் அவர் மார்பில் முட்டியது. இரண்டு கையும் கைப்பிடியில், விட்டால் விழுவார். பாய் ஓடி வந்து, "அண்ணே, ஒரே ஒரு நிமிஷம் மேல போயிருங்கண்ணே" என்று கெஞ்சினார்.

"எறங்குனவன மேல ஏறச் சொல்லாத பாய். சார, வழி விடச் சொல்லு."

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அவர் என் கணவரின் காலைப் பார்த்தார், தன் கைத்தடியைப் பார்த்தார். பிறகு தட்டிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து ரிப்பனை வெட்டினார். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாரும் கை தட்டினார்கள். எங்கள் கட்டடத்தின் புராதன முன்வாசல் இப்படித்தான் திறந்துவைக்கப்பட்டது, உள்ளேயிருந்து வெளியே. நான் மேலே வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்து ஒன்றும் தெரியவில்லை, தடவித் தடவி இறங்கி அதை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

விழா முடிந்து, அதிகாரி அதே பலகையில் ஏறி இறங்கிப் போன பிறகு, பாயின் ஆட்கள் கம்பளத்தைச் சுருட்ட வந்தார்கள். கேங்வேயையும் எடுத்துவிட வேண்டும், நிபுணர் நிற்கும்போதே எடுத்துவிட்டால் நல்லது என்றார்கள். செராங் அதன் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். இறங்கிய பாசஞ்சர் கரையில் இருக்கும்போது பலகையை எடுக்க எந்த செராங்குக்கும் அதிகாரம் கிடையாது என்றார். எல்லாரும் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தோம். நிபுணரும் பார்த்தார். என் கணவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நான் போறதுக்கு நேரமாவும்" என்றார் அவர். "நாளைக்கும் வருவேன்."